எண்ணெய் ஊறும் அரைமணி

மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் உச்சந்தலையிலிருந்து இறங்கி, காதுக்குப் பின்னால் கொஞ்சம் தயங்கி, பிறகு முதுகுத்தண்டைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகக் கீழே போனபோது சௌந்தரபாண்டிக்குக் குமட்டியது. சனிக்கிழமை தவறாமல் குமட்டும். சனிக்கிழமை தவறாமல் தேய்த்துக்கொண்டு உட்காரவும் செய்வான், அதற்கென்ன செய்வது. தகரக் கூரை போட்ட குளியலறை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இடுப்பில் ஒரு பழைய துண்டு. எதிரே தண்ணீர் போகிற ஓட்டையில் போன வாரத்து முடி சோப்பு நுரையோடு காய்ந்து சுருண்டு கிடந்தது. யாருடைய முடி என்று பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தான். தன்னுடையதுதான். முடி கொட்டினால் இப்போதும் நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடுகிறது, மூன்று வருஷமாகியும். “அரைமணி நேரம் ஊறட்டும், அதுக்குள்ள தண்ணிய ஊத்திக்கிட்டு வந்துராதீங்க” என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவி சுகந்தி குரல் கொடுத்தாள். ஊற வேண்டுமாம். அரிசி ஊறும், ஊறுகாய் ஊறும், அதில் ஒரு நியாயம் உண்டு. மனுஷன் ஊறினால் நாறத்தான் செய்வான். வெளியே துவைக்கிற கல்லில் தம்பி தவசி உட்கார்ந்திருந்தான். அவனும் தலை முதல் கால் வரை எண்ணெய். “அண்ணே, தண்ணி கொதிக்குது. இன்னும் ரெண்டு மட்டை வைக்கவா?” “வேணாம்.” தவசிக்கு இருபத்தேழு வயது. தீபாவளி தவிர வேறு நாளில் எண்ணெய்க் குளியல் என்றால் ஓடிப்போகிறவன். இன்றைக்குத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால் அண்ணன் சொன்னான் என்பதற்காக. அண்ணன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் வேறு ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

அது செவ்வாய்க்கிழமை. இந்தச் செவ்வாய் இல்லை, அதற்கு முந்தின செவ்வாய். அண்ணனும் தம்பியும் ஒரே முதலாளியின் பஸ்களில் டிரைவர்கள், திண்டுக்கல்லுக்கும் மணப்பாறைக்கும் ஓடுகிற இரண்டு வண்டிகள், எதிரும் புதிருமாகப் போய் வருவார்கள். வடமதுரை வந்தால் கைகாட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு இரண்டு வண்டியும் திண்டுக்கல் ஸ்டாண்டில் ஒரே நேரத்தில் நின்றன. டீக்கடைக்குப் பின்னால், ஊரே மூத்திரம் பெய்கிற சுவருக்குப் பக்கத்தில், தவசி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னான். “அண்ணே, ஒரு ரெண்டு மாசமா அடியில ஒரு பக்கம் கனமா இருக்குண்ணே. கையில கெட்டியா தட்டுப்படுது. வலி கிலி ஒண்ணும் இல்ல. இஞ்சின் சூடுதான?” சௌந்தரபாண்டியின் வாயில் உளுந்தவடை இருந்தது. மென்றது பாதி, மெல்லாதது பாதி. அந்த நேரத்தில் அவன் நாக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்தப் பதினொரு நாளில் ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்துவிட்டான். ஆனால் நாக்கு செய்தது வேறு. வடையை விழுங்கியது. “சூடுதான். எண்ணெய் தேய்ச்சுக் குளி, சரியாயிரும்” என்றது. ஏப்பம் வருவது போல வந்தது அந்த வாக்கியம், அவனைக் கேட்காமல், வடை வாடையோடு. தவசி நிம்மதியாகச் சிரித்தான். “அதான் நானும் நெனச்சேன்” என்றான். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். போன சனிக்கிழமை அவனுக்கு டூட்டி. இந்தச் சனிக்கிழமை ரெஸ்ட். ஆகவே இதோ, அண்ணன் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எண்ணெயோடு கல்லில் உட்கார்ந்து ஏதோ போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ச்சீ என்று வந்தது சௌந்தரபாண்டிக்கு. தம்பி மேல் இல்லை. தன் வாய் மேல், தன் பல் மேல், அந்த வடை மேல்.

ஏனென்றால் அந்த வாக்கியம் அவனுக்கே ஒருத்தர் சொன்னது. சீனியர் டிரைவர் பொன்ராசு, நான்கு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு டீக்கடைப் பின்புறத்தில். டிரைவர்களுக்கு எல்லாமே சூடுதான். கண் எரிந்தால் சூடு, மூலம் வந்தால் சூடு, பிள்ளை இல்லாவிட்டால் சூடு, பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால்கூட ஒருத்தன் சூடு என்றுதான் சொன்னான். பத்து மணி நேரம் இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இடதுதொடை வேக உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய் இது சூடு இல்லை என்று யார் சொல்வது. இடதுபக்கம்தான் அவனுக்குத் தட்டுப்பட்டது. முதலில் சுண்டைக்காய் அளவு. சீட்டில் ஈரத்துண்டு போட்டு உட்கார்ந்தான். வெறும் வயிற்றில் வெந்தயம் விழுங்கினான். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கால் பெருவிரல் நகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது ஜன்னி வந்துவிடும் என்று பொன்ராசு சொன்னதால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். என்ன ஒரு கோலம் அது. எங்கேயோ ஒரு கல் வளர்கிறது, இவன் கால் விரலுக்கு வைத்தியம் பார்க்கிறான். ஏழு மாசம். சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது. வலிக்கவில்லை, அதுதான் அதன் சூழ்ச்சி. வலித்திருந்தால் ஓடியிருப்பான், பல்வலிக்கு ஓடவில்லையா, மூன்றே நாளில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தானே. இது வலிக்காமல், சத்தமில்லாமல், டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அதைப் பிடித்தது சுகந்திதான். இருட்டில் அவள் கை நின்றுவிட்டது. “என்னங்க இது, கல்லு மாதிரி.” அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். கட்டின பொண்டாட்டி கையை, ஏதோ பிக்பாக்கெட்காரன் கையைத் தட்டுவது போல. அவள் லைட்டைப் போட்டாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டாள், பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு.

ஆஸ்பத்திரியை நினைத்தாலே அந்த வாடை வந்துவிடுகிறது, பினாயிலும் இட்லி சாம்பாரும் கலந்த வாடை, இப்போது எண்ணெய்க்கு மேலே அதுவும். அங்கே அவனைத் தொட்டது ஒரு பெண் டாக்டர். தங்கச்சி வயசு இருக்கும். உறை போட்ட கையால் ஒரு நிமிஷம், காய்கறி பார்க்கிற நிதானத்தோடு. அவன் மேல்கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதுவும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. “எத்தனை மாசமா இருக்கு?” என்று அந்தம்மா கேட்டது. ஏழு என்றான். அந்தம்மா உறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டது, கொஞ்சம் வேகமாகவே போட்டது. ஸ்கேன் எடுத்து வந்ததும் அதைப் பார்த்துச் சொன்னது. “தட்டுப்பட்ட உடனே வந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கும்ண்ணே. இப்ப வயித்துக்குள்ள நெறி கட்டியிருக்கு. ஊசி மருந்தும் போடணும். பயப்படாதீங்க, கேன்சர்லயே நல்லாக் குணமாகுற வகை இது.” ஒரே மூச்சில் அந்தச் சொல்லையும் குணமாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னது, அவனுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு பெண் சீட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தது. “பேஷன்ட் லேடீஸா?” இல்லை நான்தான் என்றான். கர்ப்பமா என்று பார்க்கிற டெஸ்ட்டாம் அது. இந்த நோய்க்காரனின் ரத்தத்திலும் அதே சத்து ஊறுமாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் சுகந்திக்கு வராத ரிசல்ட் அவனுக்கு வந்தது, அவனைக் கேலி செய்யவும் தெரிந்த உடம்பு இது. அவனுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. முப்பத்தொரு வருஷம் சோறு போட்டு வளர்த்த உடம்பு தனக்குத் தெரியாமல் இத்தனை கள்ளத்தனம் செய்திருக்கிறதே என்று. டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த டாக்டரம்மா கேட்டது. “கூடப் பிறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?” ஒரு தம்பி. “அவருக்கு மத்தவங்களைவிட வாய்ப்பு ஜாஸ்தி. மாசம் ஒரு தடவை, வெந்நீர்ல குளிச்சப்புறம் விரல்ல உருட்டிப் பாக்கச் சொல்லுங்க. வலி இல்லாம கெட்டியா எதாவது பட்டா மறுநாளே வரணும். சொல்லிருவீங்களா?” சொல்லிர்றேன் டாக்டர் என்றான். எவ்வளவு சுலபமாகச் சொன்னான். அந்த வாயும் இதே வாய்தான்.

“அண்ணே, தூங்கிட்டியா?” தவசி. “இல்லடா.” “சத்தத்தையே காணோம்.” சத்தம் எப்படி இருக்கும், எண்ணெய் சொட்டுகிற சத்தம் வெளியே கேட்காது. முதல் பொய் போனில் போனது. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று முதலாளியிடம் பேசினான். என்னப்பா ஆபரேஷன் என்றார் முதலாளி. குடலிறக்கம் மொதலாளி என்றான். யோசிக்கவே இல்லை. அறுத்தது கீழே இல்லை, தொடைச்சந்துக்கு மேலே, குடலிறக்கத்துக்கு அறுக்கிற அதே இடம். தழும்பும் அதே தழும்பு. கடவுளே பொய்க்கு இடம் பார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஊர் நம்பியது, முதலாளி நம்பினார், தம்பி நம்பினான். சுகந்தி மட்டும்தான் உண்மையோடு தனியாக இருந்தாள். பிறகு முடி. முதல் ஊசி போட்டுப் பதினைந்தாம் நாள் தலையணையில் கொத்துக் கொத்தாக. அதைப் பொறுக்கி ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அவன் செய்த காரியம்தான் அவனாலேயே தாங்க முடியாதது. பழனிக்குப் போனான். மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். மூன்று மொட்டை வேண்டுதல் என்று அறிவித்தான், மூன்று ஊசிச் சுற்றுக்கும் கணக்காக. ஸ்டாண்டில் எல்லோரும் பக்தியோடு பார்த்தார்கள். கண்டக்டர்கள் விபூதி கேட்டார்கள். டீ மாஸ்டர் மட்டும் ஒருநாள் உற்றுப் பார்த்துக் கேட்டார். “மொட்டை சரி டிரைவரே, புருவத்தையுமா முருகன் கேட்டாரு?” சூட்டுல கொட்டிருச்சு மாஸ்டர் என்றான். மாஸ்டர் தலையாட்டினார், சூடு என்றால் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அதுவரைக்கும்கூடப் போகட்டும். தைப்பூசத்துக்குத் தவசி கிளம்பினான். அண்ணனுக்குக் குடலிறக்கம் நல்லபடியாக ஆனதற்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டியிருந்தானாம், யாரிடமும் சொல்லாமல். வடமதுரையிலிருந்து பழனி வரை, செருப்பில்லாமல். திரும்பி வந்தபோது அவன் தலையும் மொட்டை, உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். வாசல்படியில் உட்கார்ந்து ஊசியால் கொப்புளத்தைக் குத்திக்கொண்டே, “அண்ணனுக்கு மூணு மொட்டைன்னா தம்பிக்கு ஒண்ணாச்சும் வேணாமா” என்று சிரித்தான். கொப்புளத்திலிருந்து தண்ணீர் வந்தது. சௌந்தரபாண்டி உள்ளே போய் வாந்தியெடுத்தான். மருந்து வாந்தி என்று சுகந்தி நினைத்தாள். மருந்து வாந்தி அல்ல அது.

சொல்லியிருக்கலாம் அன்றைக்கே. சொல்வதற்கு அவனிடம் வார்த்தை இல்லை, அதுதான் முதல் இடைஞ்சல். அந்த இடத்துக்கு வீட்டில் பேசுகிற வார்த்தை எது. டாக்டர் சொல்கிற வார்த்தை வாயில் நுழையாது, ஸ்டாண்டில் திட்டுகிற வார்த்தை வாயை விட்டு வீட்டுக்குள் நுழையாது. வியாழக்கிழமை தோறும் அய்யலூர் ஆட்டுச்சந்தைக்காரர்கள் பஸ்ஸில் ஏறுவார்கள். சந்தையைத் தாண்டும்போது வண்டி நகராது, அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். கிடா வாங்குகிறவன் முதலில் பல்லைப் பார்ப்பான், பிறகு பின்பக்கம் குனிந்து கையை விட்டு இரண்டு விதையையும் உருட்டிப் பார்ப்பான். பொம்பளைகள் போகிற பாதையில், பட்டப்பகலில், பீடி பிடித்துக்கொண்டே. ஒன்று சின்னதாக இருந்தால் கிடாவை ஒதுக்கிவிடுவான். ஒரு ஊனமும் தப்பாது அந்தக் கைக்கு. அதே கை அவனவன் வேட்டிக்குள் ஒரு தடவை போயிருக்குமா, சொறிவதற்குத் தவிர. ஒருநாள் கண்டக்டர் சுதாகர், காயடித்த கிடாவைக் காட்டி, “இவன் ரிட்டயர்டு பார்ட்டி” என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. சௌந்தரபாண்டியும் சிரித்தான். எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போதும் இந்தத் தகரத்துக்குக் கீழே கேட்கிறது. ரிட்டயர்டு பார்ட்டி. அப்படி ஒன்றும் இல்லை, ஒன்று இருந்தால் போதும் குடும்பம் நடத்த, டாக்டர் சொன்னதுதான், நடத்திக்கொண்டும் இருக்கிறான். ஆனால் அதை யாரிடம் மெடிக்கல் சர்டிபிகேட் போலக் காட்டுவது. அப்புறம் கல்யாணம். தவசிக்கு ஆவணியில் முகூர்த்தம், ஒட்டன்சத்திரத்துப் பெண், பூ வைத்தாகிவிட்டது. அண்ணனுக்கு அந்த வியாதியாம், அதுவும் அந்த இடத்திலாம், தம்பிக்கும் என்னமோ பார்க்கிறார்களாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், வைத்த பூவை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு குரல் பதினொரு நாளாகச் சொல்கிறது. எவ்வளவு அக்கறையான குரல். தம்பி கல்யாணத்துக்காகத்தான் சொல்லவில்லையாம். கேட்கும்போதே சௌந்தரபாண்டிக்குத் தன் காதைக் கழுவ வேண்டும் போல இருந்தது. தம்பிக்காகவும் இல்லை ஒரு வெங்காயமும் இல்லை. சுதாகர் சிரிப்பானே என்பதற்காக. அவ்வளவுதான். ஒரு கண்டக்டரின் சிரிப்புக்கு எதிர்த் தட்டில் தம்பியின் உயிரை வைத்திருக்கிறான், அதுவும் தராசு சிரிப்புப் பக்கம் சாய்கிற மாதிரி.

எண்ணெய் இப்போது வயிற்று மடிப்பில் தேங்கி நின்றது. துண்டுக்குள் கையை விட்டான். சனிக்கிழமைக் கடமை. டாக்டர் மாசம் ஒரு தரம் என்றது, இவன் வாரம் ஒரு தரம் பார்க்கிறான், பயந்தவனுக்கு மாசம் என்பது ரொம்ப நீளம். முதல் ஆறு மாசம் கையே போகவில்லை. விரல்கள் அந்தப் பக்கம் போவதற்கு முன்னாலேயே மணிக்கட்டு திருகிக்கொள்ளும், செத்த எலியை எடுக்கப் போகிற மாதிரி. வெறும் இடது பக்கத்தில் விரல் பட்டால், பல் பிடுங்கின ஈறில் நாக்கு போய் விழுகிற அதே திடுக்கிடல். இப்போது பழகிவிட்டது என்று சொல்ல மாட்டான். செய்துவிடுகிறான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டினான். வழவழப்பு. அவித்து உரித்த முட்டை மாதிரி, மேடு இல்லை, கெட்டி இல்லை, பின்பக்கம் மட்டும் அந்தக் கயிறு மாதிரி ஒன்று, அது எல்லோருக்கும் இருப்பதுதான். ஒரு வாரத்துக்கு உயிர். கையை வெளியே எடுத்துப் பார்த்தான். ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஏழு மாசம் வெந்தயம் விழுங்கியதற்குப் பதில் இந்த ஒரு நிமிஷம். வெளியே தவசி கல்லிலிருந்து எழுந்து அடுப்புக்குப் போவது கதவு இடுக்கில் தெரிந்தது. கட்டையான கால்கள், எண்ணெயில் மினுங்கும் முதுகு, இடுப்பில் துண்டு. நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தான். லேசாக. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சௌந்தரபாண்டிக்குத் தெரிந்தது, ஏழு மாசம் அவனும் அப்படி நடந்தவன்தானே. அங்கே ஒருத்தன் காலை அகட்டி நடக்கிறான், இங்கே ஒருத்தன் அதைக் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டு எண்ணெயில் ஊறுகிறான். அரைமணி ஆகியிருக்கும். சீயக்காய்க் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றினால் இப்போது நெஞ்சில் முட்டிக்கொண்டிருப்பதும் எண்ணெயோடு நுரையோடு அந்த முடி அடைத்த ஓட்டையில் இறங்கிவிடும், அவனுக்கு அவனைத் தெரியும். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் புது மனுஷனாகி, புது மனுஷனுக்குப் பழையது எதுவும் ஞாபகம் இல்லாமல், தட்டில் விழுகிற சுடுசோற்றையும் மிளகு ரசத்தையும் வழித்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான்.

“தவசி.” “என்னண்ணே?” “உள்ள வா.” “முதுகு தேய்க்கணுமா? இரு, சீயக்காய நான் குழைச்சுத் தர்றேன்” என்று சொல்லிக்கொண்டே தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு பேருக்கு அந்த அறை போதாது. எண்ணெய் வாடையும் வேர்வையும் புகையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. சௌந்தரபாண்டி எழுந்து நின்றான். எப்படித் தொடங்குவது என்று பதினொரு நாளாக உருப்போட்ட எந்த வாக்கியமும் வரவில்லை. கை போய்த் துண்டின் முடிச்சை அவிழ்த்தது. “என்னண்ணே பண்ற, ஐயே” என்று தவசி முகத்தைத் திருப்பினான். “திரும்பாத. பாரு.” “அண்ணே, விளையாடாத.” “பாருடா.” தவசி பார்த்தான். முதலில் தழும்பை, பிறகு அதற்குக் கீழே. பார்த்த கண் அங்கேயே நின்றது. பார்க்கப்படுவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று சௌந்தரபாண்டி நினைத்ததுதான், ஆனால் நினைத்ததைவிடச் சீக்கிரமாக அது முடிந்துபோனது. “குடலிறக்கம்னு சொன்ன...” என்றான் தவசி. “குடலிறக்கம் இல்ல. கேன்சர். ஒண்ண எடுத்துட்டாங்க. உன்ன மாதிரித்தான், கெட்டியா, வலியில்லாம. நானும் சூடுன்னுதான் நெனச்சேன்.” “அப்ப பழனி?” “முடி தானாக் கொட்டுச்சு. முழுசாக் கொட்டுறதுக்கு முன்னாடி போய் மழிச்சுக்கிட்டேன்.” தவசியின் கை அவனை அறியாமல் தன் தலைக்குப் போனது, எண்ணெய் வழிகிற தலைக்கு. தடவிப் பார்த்தான். அண்ணன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம், வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைக்கவில்லை. “கால்ல கொப்புளம் வந்துச்சேண்ணே எனக்கு” என்று மட்டும் சொன்னான், சின்னப் பிள்ளை புகார் சொல்வது போல. சௌந்தரபாண்டிக்கு அப்போதுதான் அழுகை வந்தது, மூன்று வருஷத்து அழுகை, மூக்கிலும் வாயிலும், எண்ணெயோடு சேர்ந்து. அசிங்கமாக அழுதான். “எந்தப் பக்கம்டா?” “வலதுண்ணே.” “சட்டையப் போடு. திண்டுக்கல்ல ஸ்கேன் சென்டர் ஒரு மணி வரைக்கும்தான் இருக்கும்.” “குளிச்சிட்டு...” “குளிக்காத. இப்பவே.”

சுகந்தி கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். “எண்ணெய்த் தலையோட ரெண்டு பேரும் எங்க போறீங்க? அபசகுனம்ங்க, வீட்டுல எதாவது ஆனாத்தான் அப்படிப் போவாங்க” என்றாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், தம்பி நிற்கிற நிலையைப் பார்த்தாள். கரண்டி இறங்கியது. உள்ளே போய்ப் பழைய துண்டுகள் இரண்டைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கழுத்தில் போட்டுவிட்டு, “ரெண்டு பேரும் சேந்தே டாக்டரப் பாருங்க, நீங்க வெளிய நிக்காதீங்க” என்றாள் அவனிடம். மெயின் ரோட்டில் கைகாட்டியபோது வந்து நின்றது அவர்கள் கம்பெனி வண்டிதான், படியில் சுதாகர்தான். ஒரு நொடி சௌந்தரபாண்டியின் கால் பின்வாங்கியது. பிறகு ஏறினான். “என்ன டிரைவரே, எண்ணெய்க் கடையில விழுந்துட்டீங்களா ரெண்டு பேரும்? எங்க இப்படிக் கிளம்பிட்டீங்க?” ஆஸ்பத்திரிக்கு, என்றான் சௌந்தரபாண்டி, எனக்கு முன்னாடி கேன்சர் வந்துச்சு, இவனுக்கும் ஒண்ணு பாக்கணும். கியர் சத்தத்துக்கு மேலாகத்தான் சொன்னான். சுதாகரின் வாய் சிரிப்புக்குத் திறந்த வாக்கிலேயே நின்றுவிட்டது, அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கட்டும், நாறத்தான் செய்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக் கசகசத்தது, சீட்டில் எண்ணெய்க் கறை பிடித்திருக்கும், நாளைக்கு யாரோ திட்டுவார்கள். தவசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முத்தனாங்கோட்டை தாண்டியதும் திரும்பாமலே கேட்டான். “நீ எத்தனை மாசம் கழிச்சுப் போன?” “ஏழு.” “எனக்கு ரெண்டு மாசம்தாண்ணே ஆச்சு.” அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது, டெஸ்ட்டில் பக்கத்துப் பையனைவிட நான்கு மார்க் கூட வாங்கினவன் மாதிரி. சௌந்தரபாண்டி எண்ணெய்ப் பிசுக்கோடு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டான். வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“ரெண்டு மாசமும் பதினொரு நாளும்” என்றான். “அந்தப் பதினொரு நாளும் என்னாலடா.”